தகரப் பெட்டியில் ஆறு காசுகள்

தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்த பழம்பதி திருக்கோவிலூர். உலகளந்த பெருமாள் கோவிலின் நெடிய கோபுரம் தொலைவிலிருந்தே ஊரை அடையாளம் காட்டும். பாறையின்மீது சிறு கோவிலாக நிற்கும் கபிலர் குன்று ஆற்றின் நடுவே பழைய நட்பொன்றை நினைவூட்டிக்கொண்டிருக்கும். வள்ளல் எனப் புகழ்பெற்ற மலையமான் திருமுடிக்காரி ஆண்ட நாடு இது. 2019ஆம் ஆண்டில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று இவ்வூர் அடங்கியுள்ளது.

ஆற்றங்கரையை ஒட்டிய தெரு ஒன்றில், ஓட்டு வீட்டின் திண்ணையில், ஞாயிறுதோறும் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் ஒரு பலகை. அதன்மேல் நகைக்கடையில் இருப்பது போன்ற சிறு மின்தராசு, பூதக்கண்ணாடி, காந்தத் துண்டு, கிண்ணத்தில் நீர், மடித்த பருத்தித் துணி, ஒரு தடித்த குறிப்பேடு. பழைய வெளிநாட்டுக் காசுகளை இனங்காண விரும்புவோர் அவரை நாடி வருவர். அவர் கட்டணம் பெறுவதில்லை. காசு எதையும் விலைக்கு வாங்குவதும் இல்லை. ‘மதிப்புச் சொல்பவனே வாங்குபவனாகவும் இருந்தால், சொல்லும் மதிப்பு கோணிவிடும்’ என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட நெறி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாயும் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகனும் வந்தனர். தாயின் முந்தானையில் பழைய தகரப் பெட்டி ஒன்று மறைந்திருந்தது. மூத்த மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் செலுத்தப் பத்து நாள்களே எஞ்சியிருந்தன. கணவரின் பாட்டனார் மலேயாவில் இரப்பர்த் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த பெட்டி அது. அதனை விற்றால் கட்டணத்தைச் செலுத்திவிடலாம் என்று அத்தாய் நம்பினார்.

நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. பழைய காசுகளை இலட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாகக் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தவுடன் மறுமுனையிலிருந்தவர் பதினைந்து இலட்சம் தருவதாகக் கூறிவிட்டார். முதலில் பதிவுக் கட்டணமாக 4,500 ரூபாய் அனுப்ப வேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. அத்தொகைக்காகத் தாய் தம் காதணியை அடகு வைக்க எண்ணியிருந்தார். மகன்தான், “ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்யலாம், அம்மா” என்று தடுத்து அழைத்து வந்திருந்தான்.

“விற்பவரிடமே முன்பணம் கேட்கும் வணிகம் உலகில் எங்கும் இல்லை, அம்மா. 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே இதுபற்றி மக்களை எச்சரித்தது. பழைய நாணயங்களை விற்றுத்தருவதாகச் சொல்லிக் கட்டணமோ தரகோ வாங்கும் அதிகாரத்தை அவ்வங்கி எவருக்கும் அளிக்கவில்லை. காதணி காதிலேயே இருக்கட்டும். இனிக் காசுகளைப் பார்ப்போம்” என்றார் ஆசிரியர்.

தகரப் பெட்டி திறந்தது. துணியின்மேல் ஆறு காசுகள் வரிசையாக வைக்கப்பட்டன. இரண்டு பெரிய வெள்ளிக் காசுகள். சாம்பல் நிறத்தில் ஒன்று. பழுப்பு நிறத்தில் இரண்டு. இறுதியாகப் பச்சைக் களிம்பேறிய சதுரச் செப்புத் துண்டு ஒன்று.

மகன் ஆர்வத்துடன் ஒரு காசை எடுத்துச் சட்டை நுனியால் தேய்க்க முற்பட்டான். ஆசிரியர் மெல்ல அவன் கையைப் பற்றினார். “விளிம்பைப் பிடித்து எடு, தம்பி. முகத்தைத் தொடாதே, தேய்க்கவும் தேய்க்காதே. நான் இளைஞனாக இருந்தபோது, கருத்துப்போன வெள்ளிக் காசு ஒன்றைப் புளியிட்டுத் துலக்கினேன். கண்ணாடி போல் மின்னியது. நூறாண்டுக் காலம் காற்றும் காலமும் அதன்மேல் படரவிட்ட நிறத்தை ஒரே நாழிகையில் அழித்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. சேகரிப்போர் ஒருவரும் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை” என்றார்.

முதலில் சாம்பல் நிறக் காசு ஆராயப்பட்டது. அதில் அரபு எழுத்துகள் இருந்தன. உருது படிக்கத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், அதிலுள்ள ஆண்டு 1327 என்று படித்துச் சொல்லியிருந்தார். எழுநூறு ஆண்டுப் பழமை என்று தாயின் கண்கள் ஒளிர்ந்தன.

“ஆண்டைப் படிக்குமுன் அஃது எந்த ஆண்டுக் கணக்கு என்று கேட்க வேண்டும்” என்ற ஆசிரியர் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினார். “இது ஹிஜ்ரி ஆண்டு. சந்திரனைக் கொண்டு கணக்கிடுவதால் ஓராண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்களே உண்டு. ஆண்டை 33ஆல் வகுத்து, வந்த ஈவை அந்த ஆண்டிலிருந்து கழித்து, 622ஐக் கூட்டினால் நம் ஆண்டுக்கு அருகில் வந்துவிடலாம். 1327இல் 40ஐக் கழித்தால் 1287. அதனுடன் 622ஐக் கூட்டினால் 1909. துருக்கியில் சுல்தான் ஐந்தாம் மெகமது அரியணை ஏறிய ஆண்டு அதுவே. அவர் காலத்துக் காசுகளில் அரியணை ஏறிய ஆண்டே பொறிக்கப்பெறும். அடித்த ஆண்டை அறிய, ஆட்சியாண்டு எண்ணைத் தனியே பார்க்க வேண்டும். இதோ, 4 என்றிருக்கிறது. எனவே இக்காசு 1912 அளவில் அடிக்கப்பட்டது. உலோகம் நிக்கல். ஏராளமாகப் புழங்கிய சில்லறைக் காசு. இதற்குப் பெரிய விலை இல்லை, அம்மா.”

தாயின் முகம் வாடியது. ஆசிரியர் அதனைக் கண்டார். ஆயினும் பொய்யான ஆறுதல் எதையும் கூறவில்லை.

“தாய்லாந்துக் காசில் 2500 என்றிருந்தால் அது வருங்காலத்துக் காசு ஆகுமா? அது புத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 1957. மரியா தெரசா என்னும் ஆஸ்திரிய அரசியின் வெள்ளிக் காசில் எப்போதும் 1780 என்றே இருக்கும். அவ்வாண்டில் அவர் மறைந்துவிட்டார். ஆயினும் செங்கடல் வணிகர்கள் அந்த அச்சையே நம்பியதால், அவர் மறைந்த பின்னும் அதே ஆண்டைப் பொறித்து அடித்துக்கொண்டே இருந்தனர். காசு சொல்லும் ஆண்டும் காசு பிறந்த ஆண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை” என்று மகனுக்கு விளக்கினார்.

பழுப்புக் காசுகள் இரண்டும் எளிதில் இனங்காணப்பட்டன. ஒன்று, மூலைகள் மழுங்கிய சதுர வடிவில் இருந்தது. அதில் ஐந்தாம் ஜார்ஜின் தலை, நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்ப் பகுதிகளின் ஒரு சென்ட், ஆண்டு 1920. மற்றொன்று 1870ஆம் ஆண்டின் இலங்கைச் சதம். அதன் ஒரு பக்கத்தில் பனையினத்து மரம் ஒன்று நின்றது. அதனருகே சிங்கள எழுத்துடன் தமிழ் எழுத்தும் இருப்பதைப் பூதக்கண்ணாடி வழியாகக் கண்ட மகன் வியப்பில் ஆழ்ந்தான். அயல்நாட்டுக் காசில் தன் மொழியைப் படிப்பான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“இவை மலிவாகக் கிடைப்பவை. பழமை ஒன்றே விலையாகாது, தம்பி. ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமையுடைய உரோமச் செப்புக் காசுகளே சில மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. உலோகம் எது, எத்தனை அடிக்கப்பட்டன, எத்தனை எஞ்சின, எவ்வளவு தேய்ந்துள்ளது, விரும்பித் தேடுவோர் எத்தனை பேர் என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை தெரிந்தால்தான் விலை தெரியும். இவை ஐந்துக்கும் முற்பட்ட வினா ஒன்று உண்டு. காசு மெய்யானதுதானா?”

அவ்வினா பெரிய வெள்ளிக் காசுகளை நோக்கியே எழுந்தது. ஒன்று, பளபளவென்றிருந்த பிரெஞ்சு இந்தோசீனப் பியாஸ்டர். அமர்ந்த பெண்ணுருவம் அதில் இருந்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதித் தமிழர் பலர் சைகோனில் பணிபுரிந்த காலத்தில் இத்தகைய காசுகள் நம் கரைக்கு வந்து சேர்ந்தன. மற்றொன்று கருத்து, தேய்ந்து, முகத்தில் சிறுசிறு வடுக்கள் பெற்றிருந்தது. தாய் பளபளக்கும் காசையே முன்னே நகர்த்தி வைத்தார். பதினைந்து இலட்சத்துக்கு உரியதாகச் சொல்லப்பட்டதும் அதுவே.

காந்தம் இரண்டையும் ஈர்க்கவில்லை. “காந்தம் ஈர்த்தால் வெள்ளி அன்று எனச் சொல்லிவிடலாம். ஈர்க்காததனாலேயே வெள்ளி என்று சொல்லிவிட முடியாது. செம்பையும் பித்தளையையுங்கூடக் காந்தம் ஈர்ப்பதில்லை” என்ற ஆசிரியர், காசுகளைத் தராசில் வைத்தார். பியாஸ்டர் 27 கிராம் இருக்க வேண்டும், இருந்ததோ 22.4 கிராம். கருத்த காசு 26.95 கிராமுக்கு 26.8 கிராம் காட்டியது.

பின்னர் நீர்க்கிண்ணத்தைத் தராசின்மீது வைத்து எண்ணைச் சுழியாக்கினார். கருத்த காசை நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் படாதவாறு நீருக்குள் தொங்கவிட்டார். தராசு 2.6 காட்டியது. பளபளத்த காசைத் தொங்கவிட்டபோதும் அதே 2.6.

“இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே, ஐயா?” என்றான் மகன்.

“பருமன் ஒன்றுதான். ஆனால் எடை? வகுத்துப் பார்.”

மகன் தாளில் வகுத்தான். 26.8ஐ 2.6ஆல் வகுக்க 10.3 வந்தது. 22.4ஐ 2.6ஆல் வகுக்க 8.6 வந்தது. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி சேர்ந்த காசின் ஒப்படர்த்தி 10.3 அளவில் இருக்கும். 8.6 என்பது பித்தளை போன்ற கலவையின் அளவு. இயற்பியல் வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஆர்க்கிமிடீசு தத்துவம், தன் வீட்டின் விதியைச் சொல்லும் என்று அவன் நினைத்ததில்லை.

பூதக்கண்ணாடியின்கீழ் மேலும் சான்றுகள் தெரிந்தன. பளபளத்த காசின் பரப்பில் ஊசிமுனை அளவான குழிகள் இருந்தன. உருக்கிய உலோகத்தை வார்க்கும்போது எழும் குமிழிகளின் தடம் அவை. விளிம்பைச் சுற்றி மெல்லிய பொருத்துக்கோடு ஒன்று ஓடியது. அக்கசாலையில் அச்சிட்டு அடித்த காசில் இவ்விரண்டும் இரா. அது வெள்ளிப் பூச்சுப் பெற்ற போலி.

தாய் நெடுநேரம் பேசவில்லை. “அவர் அந்தக் காலத்தில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர். யார் கொடுத்து ஏமாற்றினார்களோ” என்று மட்டும் சொன்னார். வேறொருவர் ஏமாந்த துயரத்தை, நூறாண்டு கடந்து, அவர் பேரன் மனைவி சுமந்தார்.

ஆசிரியர் கருத்த காசை அவரிடம் நீட்டினார். “இதைப் பாருங்கள், அம்மா. இது மெய்யான காசு. பிரிட்டனின் வணிக டாலர், ஆண்டு 1902. சூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பெண்ணின் பெயர் பிரிட்டானியா. சூலத்தின் நடுமுனையில் நுண்ணிய எழுத்து ஒன்று தெரிகிறதா? அது பம்பாய் அக்கசாலையின் குறி. மறுபக்கத்தில் சீன எழுத்தும், அரபு வரிவடிவில் எழுதிய மலாயும் உள்ளன. கீழை நாட்டு வணிகத்துக்காகவே அடித்த காசு.”

“இந்த வடுக்கள்?”

“சீன வணிகரின் முத்திரைகள். காசு ஒவ்வொரு கடைக்கு வரும்போதும் வெள்ளியின் தரத்தைச் சோதித்து, நல்லது என்பதற்கு அடையாளமாகத் தம் சிறு முத்திரையைக் குத்துவார்கள். காயம் போலத் தோன்றும் இவை ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ்.”

1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி டாலர் வந்தபின், இந்த வணிக டாலர் அங்கே பழைய காசாகிவிட்டது. பாட்டனார் கடல் கடந்ததோ 1925ஐ ஒட்டி. அவர் இதனைக் கடைச்செலவுக்காகப் பெற்றிருக்க மாட்டார். வெள்ளி என்பதற்காகவே கூலியிலிருந்து மிச்சம் பிடித்து வாங்கியிருக்க வேண்டும். பம்பாயில் பிறந்து, சீனர் கைகளில் சோதனைக்கு உட்பட்டு, மலேயாவில் தமிழர் ஒருவரின் சேமிப்பாகி, பெண்ணைக் கரையில் வந்து ஓய்ந்திருந்தது அக்காசு.

“இதில் 24 கிராம் தூய வெள்ளி உள்ளது. அன்றைய வெள்ளி விலையை நாளிதழில் பார்த்து 24ஆல் பெருக்குங்கள். அதற்குக் குறைவாக எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சேகரிப்போர் அதற்குமேல் தரக்கூடும். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். ஆனால் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் இந்தக் காசு கொடுக்காது, அம்மா. அந்த உண்மையை இன்றே சொல்லிவிடுவது நல்லது. கட்டணத்துக்கு வங்கியில் கல்விக்கடன் கேட்கலாம். அரசின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுத நான் உடன் வருகிறேன்.”

பெட்டியில் எஞ்சியிருந்தது களிம்பேறிய சதுரத் துண்டு. அது மலேயாவிலிருந்து வந்ததன்று; ஆற்றில் மணல் எடுத்தபோது கிடைத்ததாகத் தாத்தா சொல்லுவார் என்றான் மகன். ஆசிரியர் அதைக் கையில் எடுக்காமல், துணியோடு சேர்த்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். களிம்பின் ஊடே குதிரையின் கழுத்தும் முன்கால்களும் மங்கலாகத் தெரிந்தன. மறுபக்கத்தில் வளைந்த கோடு ஒன்று, ஆறாக இருக்கலாம். அவர் விரல்கள் சற்றே நடுங்கின.

“இது வெளிநாட்டுக் காசு அன்று, தம்பி. மலையமான்கள் வெளியிட்டவையாகக் கருதப்படும் செப்புக் காசுகளில் குதிரை உருவம் காணப்படுகிறது. திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ‘தினமலர்’ நாளிதழின் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி சங்ககாலக் காசுகளை ஆராய்ந்து, இவ்வூர்ப் பகுதியின் காசுகளை உலகறியச் செய்தார். இதுவும் அவ்வகையா என்பதை நாணயவியல் வல்லுநரே உறுதிசெய்ய வேண்டும். நான் ஊகித்தேன் என்பதனால் அது மெய்யாகிவிடாது.”

பிறகு அவர் ஊரின் வேறொரு கதையைச் சொன்னார். உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று திருக்கோவிலூரிலும் கிடைத்துள்ளது. கீழைக்கடற்கரையில் அரிக்கமேடு, மேற்கே கொங்குநாட்டில் அமராவதிக் கரையிலுள்ள கரூர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில், ஆற்றங்கரையில் இருப்பது இவ்வூர். யவனர் பொன்னைக் கொண்டுவந்து மிளகைப் பெற்றுச் சென்றனர் என அகநானூறு கூறுகிறது. இந்திய வணிகத்தால் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சு பணம் வெளியேறுவதாக உரோம அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டில் வருந்தி எழுதினார். அவர் வருந்திய பொன் எங்கே போயிற்று என்பதற்கான விடையின் ஒரு பகுதி தமிழகத்து மண்ணில் கிடைக்கிறது.

“உரோமக் காசை எப்படி இனங்காண்பது, ஐயா?”

“தலைப்பக்கத்தில் பேரரசரின் முகம், சுற்றிலும் அவர் பெயரும் பட்டங்களும் சுருக்கெழுத்தில் இருக்கும். அகஸ்டசு, டைபீரியசு ஆகிய இருவர் காசுகளே இங்கு மிகுதி. டைபீரியசின் வெள்ளிக் காசில் பின்பக்கத்தில் அமர்ந்த பெண்ணுருவம் உண்டு. எடையும் காலத்தைச் சொல்லும். அகஸ்டசின் பொற்காசு ஏறத்தாழ 7.8 கிராம், கி.பி. 64இல் நீரோ எடையைக் குறைத்தபின் 7.3 கிராம் அளவுக்கு இறங்கியது. வெள்ளிக் காசின் எடையும் தரமும் அப்போதே குறைந்தன. அதன்பின் அடித்த வெள்ளிக் காசுகள் நம் நாட்டில் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. தராசு நம் முன்னோர் கையிலும் இருந்தது, தம்பி.”

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மேல் உளியால் வெட்டிய கோடு இருந்தது. ஏன் வெட்டினர் என்பது அறிஞரிடையே இன்றும் விவாதப்பொருள். அவை மொத்தமாகக் கிடைத்து, மொத்தமாகப் பதிவு செய்யப்பட்டமையால்தான் அவ்வினாவையே எழுப்ப முடிந்தது. பொன் என்று உருக்கியிருந்தால் எஞ்சியிருப்பது எடை மட்டுமே.

மகன் சதுரத் துண்டைப் பார்த்தான். “இதை விற்றால் என்ன கிடைக்கும்?”

ஆசிரியர் உடனே விடை கூறவில்லை. அதற்குப் பேராவலுடன் விலை தரக்கூடியவர்களை அவர் அறிவார். அதனைத் தம் பேழையில் வைத்துக்கொள்ளும் ஆசை அவருக்கும் ஒரு கணம் எழாமலில்லை. பின்னர்ப் பூதக்கண்ணாடியைப் பலகையில் வைத்தார்.

“மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள் ஆகும். அதனை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தத் துண்டு எந்த ஊர் மணலில், எந்தத் துறையில் கிடைத்தது என்பதை அறிந்தவர் உலகில் இன்று ஒருவரே, உன் தாத்தா. அவர் சொல்லாமல் விட்டால் இது வெறும் செம்பு.”

தாய் மகனைப் பார்த்தார். முகத்தில் ஏமாற்றம் முற்றும் மறையவில்லை; ஆயினும் குரல் தெளிவாக இருந்தது. “வெள்ளிக் காசை மூன்று இடத்தில் விசாரித்து விற்போம். சதுரச் சென்ட்டும் சதமும் வீட்டிலேயே இருக்கட்டும். அவர் உழைப்புக்கு அடையாளம். ஆற்றில் கிடைத்ததை நாமே ஆட்சியரிடம் கொடுத்துவிடலாம்” என்றார்.

ஆசிரியர் போலிக் காசையும் திருப்பிக் கொடுத்தார். “இதையும் எறிந்துவிடாதீர்கள். ‘போலி’ என்று எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறை ஏமாறாமல் இருக்க உதவும்.”

மறுநாள் காலை மூவரும் வங்கிக்குச் செல்வதென்று முடிவாயிற்று. மாலை வெயில் ஆற்றுமணலில் சாய்ந்தபோது, மகன் தாத்தாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கபிலர் குன்று தெரியும் கரைக்கு அழைத்து வந்தான். முதியவர் கண்களைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தபின் ஓரிடத்தைச் சுட்டினார். மகன் ஒரு தாளில் அவ்விடத்தையும், அவர் நினைவிலிருந்த ஆண்டையும், எவ்வளவு ஆழத்தில் மணல் எடுத்தனர் என்பதையும் எழுதினான். எழுதி முடித்து, அவர் சொன்ன சொற்களையே அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினான். எழுதத் தெரியாதவரின் மகனாகிய அம்முதியவர் தாளை வாங்கி, தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கீழே எழுதிக் கையெழுத்திட்டார்.